ஒரு நாளும் மாட்டாத பில்டர்

செண்பகவல்லி அந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, முந்தானையால் துடைத்து, கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மருதங்குளம் பீடித் தெரு முழுக்க வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் தளவாயின் கொட்டகைக்கு நடந்தாளே, அங்கேயிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நடந்தது எல்லார் வீட்டிலும் நடப்பது, அதற்குப் பின்னால் நடந்தது எங்கேயும் நடக்காதது, ஆனால் அந்தத் தெருக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் இருந்தது காருக்குப் போடும் ஆயில் பில்டர். அதை வாங்கி வைத்தவர் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். வாடகைக் கார் ஓட்டினார். வெள்ளைக் கார், அதைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள், அதனால் எந்தக் கடையில் எந்தச் சாமான் கண்ணில் பட்டாலும் வாங்கிப் பதுக்கி வைக்கிற ஆள். கல்யாணமா, பிரசவமா, கோர்ட்டா, கோயிலா, தெருவில் இறங்கி ஒரு குரல் கொடுத்தால் போதும், வண்டி வந்து நிற்கும். வந்து நிற்பதற்கு முன்னாலேயே ஹாரன் வந்துவிடும். தெருமுனையில் திரும்பும்போதே அவர் அடிக்கிற அடியில் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒரு சேர அழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் செண்பகம் உலையில் அரிசி போடுவாள்.

அந்தக் காரில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. என்றைக்கும் யாராவது வாடகைக்குச் சொல்லியிருப்பார்கள், சொல்லாத அன்றைக்கு வண்டி ரிப்பேராகி மல்லாந்து கிடக்கும். போதாக்குறைக்கு பெட்ரோல் வாடை பட்டாலே அவளுக்குக் குடலைப் பிரட்டிக்கொண்டு வரும். கேட்டுக் கேட்டு அலுத்து ஒரு தடவை அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டபோதுதான், ஆவுடையப்பன் இந்தப் பில்டரை வாங்கி வந்து, பிரிக்காமல் பரணில் வைத்து, "ஏட்டி, இந்த வாட்டி ஆயில் மாத்திட்டு மொத ஓட்டம் நீயும் நானும்தான். உவரிக்குப் போய்க் கடலைப் பாத்துட்டு வருவோம். எலுமிச்சம்பழம் ஒண்ணை மோந்துக்கிட்டே வா," என்றார். ஆயில் மாற்றுவதற்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கார் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் செங்கல் மேல் ஏறி நின்றது, பில்டர் பரணில் இருந்தது, செண்பகம் பீடி சுற்றினாள். அவர் போன பிறகு அவளுக்கு மத்தியானத்தில் அசதியாக ஒரு தூக்கம் வரும், எழுந்திருக்கும்போது கழுத்தில் இடது பக்கம் சுளுக்கிக்கொள்ளும். அது தலைகாணிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு ஒரே ஆசை. வண்டியை எழுப்ப வேண்டும், அந்தப் பில்டரையே போட வேண்டும், உவரிக்குப் போக வேண்டும். வேறு பில்டர் போட்டுப் போனால் அது வேறு பயணம். அதெல்லாம் அவளுக்கும் ஆவுடைக்கும் உள்ள கணக்கு, நமக்கு என்ன.

தளவாய் பெட்டியை வாங்கி அசட்டையாகத்தான் பார்த்தான். எதையும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு செய்கிற ஆள் அவன்.

"மதினி, இது நாள்பட்டுப் போச்சே. ரப்பரு காஞ்சிருக்கும், உள்ள காயிதம் பொடிஞ்சிருக்கும். எடைக்குப் போடுங்க."

"பாத்துட்டுச் சொல்லுடே. பாக்காம சொல்ல எனக்கும் தெரியும்."

செண்பகமே அவன் கண் முன்னால் பெட்டியின் ஒட்டைக் கிழித்து, பாலிதீன் உறையைப் பிரித்துக் கொடுத்தாள். அவன் தகரத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தான், நசுங்கல் இல்லை. பில்டரின் வாயில் இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்தினான், அமுங்கி மீண்டது, வெடிப்பு இல்லை. நடு ஓட்டையின் திருகு மரையை வெயிலில் காட்டிப் பார்த்தான், துரு இல்லை. காதருகே வைத்துக் குலுக்கினான், உள்ளே எதுவும் கழன்று ஆடவில்லை. "அட, உசிரு இருக்கே," என்றான். கடைசியாக, அவன் அப்பன் காலத்திலிருந்து எல்லா மெக்கானிக்கும் செய்வதுபோல, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று வாய் வைத்து ஊதினான்.

ஊதியவன் "ஆத்தாடி!" என்று தலையைப் பின்னால் இழுத்தான். உதடு பொத்துப்போயிருந்தது. நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியிலிருந்து அப்போதுதான் கழற்றியதுபோல, பில்டர் அவன் கையிலேயே சூடேறியிருந்தது. துணியைச் சுற்றிப் பிடித்துக் கவிழ்த்தான். கறுத்த ஆயில் சொட்டு சொட்டாக அவன் உள்ளங்கையில் விழுந்தது. அதைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான்.

"மதினி, கோவப்படாதீய. இது ஓடுன பில்டரு."

"எவன்டா சொன்னான்? ஓடுன பில்டரைப் புதுசுன்னு வாங்கி வைக்க உங்க அண்ணாச்சி என்ன கூறு கெட்டவியளா?"

"நான் என்னத்தக் கண்டேன்? ஒட்டை நீங்கதான என் கண்ணு முன்னால கிழிச்சீய. விரலு சொல்லுதத நான் சொல்லுதேன். நறநறன்னு மணலு இருக்கு, உப்பு வாடை அடிக்கி. கடற்கரை ரோட்டுல ஓடிருக்கு. பொறவு கருகல் வாடை, ரெண்டாவது கியருலேயே மலை ஏறிருக்கு. நேத்துகூட ஓடிருக்கணும், சூடு ஆறலயே."

செண்பகம் அவனுக்கு வாய்க்கு வந்தபடி கொடுத்துவிட்டு, பில்டரைத் துணியோடு பிடுங்கிக்கொண்டு, நேராகக் காலி மனைக்குப் போய்க் காரைப் பார்த்தாள். கார் செங்கல் மேலேயேதான் நின்றது. சக்கரத்தடியில் எருக்கு முளைத்து அவள் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதை மிதித்துக்கொண்டு எந்த வண்டியும் எங்கேயும் போயிருக்க முடியாது. அவள் வீட்டுக்கு வந்து பில்டரை அரிசிப் பானை மூடி மேல் வைத்தாள். சாயங்காலம் தொட்டுப் பார்த்தாள், சுட்டது. காலையில் தொட்டுப் பார்த்தாள், இன்னும் சுட்டது.

பக்கத்து வீட்டுக் கோமதி தட்டையும் இலையையும் தூக்கிக்கொண்டு பீடி சுற்ற வந்தவள், பில்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பீடியைச் சுற்றி நூல் கட்டிக்கொண்டே, "சூடு இருக்கத்தான செய்யும். நேத்துத்தான குத்தாலம் போயிட்டு வந்தோம்," என்றாள்.

சொன்னவளுக்கே திக்கென்றது. கோமதி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது பிரசவத்துக்கு மட்டும்தான். ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிட்டது. அருவித் தண்ணீர் மண்டையில் விழுந்த வலி வந்தது, ஈரச் சேலையோடு பின் சீட்டில் உட்கார்ந்ததற்கு ஆவுடை அண்ணாச்சி ஏசியது வந்தது, வழியில் நெல்லிக்காய் வாங்கி எல்லாருக்கும் பகிர்ந்தது வந்தது. அப்புறம் அவள் கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. எதிர் வீட்டு ஜெய்த்தூன் பீவி அதைக் கேட்டுக்கொண்டே வந்து, "குத்தாலத்துக்கு முன்னாடி ஏர்வாடி தர்காவுக்குப் போனமே, அதைச் சொல்ல மாட்டியே நீ," என்று சண்டைக்கு நின்றாள். போகிற வழி முழுக்க ஜன்னலோரம் யாருக்கு என்று கோமதிக்கும் அவளுக்கும் அடிபிடி என்றும், கடைசியில் ஜெய்த்தூனின் மகள் வாந்தி எடுக்கப் போகிறாள் என்று பொய் சொல்லித்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள் என்றும் அன்றைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

இப்படியாக, இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத அந்தப் பீடித் தெரு, ஒரு மாசத்துக்குள் தென்பாண்டிச் சீமை முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. மலைக்குப் போனவர்கள் வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டு தும்மினார்கள். கடலுக்குப் போனவர்கள் சேலை உதறினால் மணல் கொட்டியது, அதைக் கூட்டி அள்ளி அடுப்புக்கட்டியில் போட்டுப் பூசிக்கொண்டார்கள். பீடிக் கடைக்காரர் வந்து கட்டு ஏன் குறைகிறது என்று கேட்டால், "ஊருக்குப் போயிட்டம்லா, ஆளு இருந்தாத்தான சுத்த முடியும்," என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தார்கள், அவரும் தனக்கும் போன வாரம் பாபநாசத்தில் படித்துறை வழுக்கி முழங்கால் வீங்கியது ஞாபகம் வந்து பேசாமல் திரும்பிப் போனார். இது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யார் எங்கே உட்கார்ந்தது, யார் புளியோதரையில் உப்பை மறந்தது, இதற்குத்தான் சண்டை.

டீக்கடை கணபதி கதைதான் எல்லாவற்றிலும் பெரிய கதை. அவரும் ஆவுடையும் ஒரு வேப்பமரக் கிளைக்காகச் சண்டை போட்டு முகம் பார்க்காமலேயே இருந்தவர்கள், சாவுக்குக்கூட அவர் தெருவோரம் நின்றுவிட்டுப் போனார். ஒரு நாள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திருச்செந்தூருக்குப் போகிற வழியில், பனங்காட்டில் வண்டியை நிறுத்தி, ஒரே பனையோலைப் பட்டையில் தானும் ஆவுடையும் மாற்றி மாற்றிப் பதநீர் குடித்ததும், "போகட்டும்டே, கிளை என்ன பெரிய கிளை," என்று ஆவுடை சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர்கள் பார்க்க, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

எல்லாருக்கும் வந்தது. செண்பகத்துக்கு மட்டும் வரவில்லை.

அவள் அந்தப் பில்டரைத் தொட்டுப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். கண்ணை மூடி யோசித்தாள். குற்றாலமும் இல்லை, ஏர்வாடியும் இல்லை, ஒரு பிடி மணல்கூட இல்லை. மத்தியானம் அசந்து தூங்கி எழுந்தால் கழுத்து வலி மட்டும் இருந்தது. மற்றவர்கள் அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, அவள் புருஷன் அப்படி ஓட்டினார் இப்படிச் சிரித்தார் என்று சொல்லச் சொல்ல, அவளுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருந்தபோதும் ஊருக்குத்தான் வண்டி, செத்த பிறகும் ஊருக்குத்தான் வண்டியா? டீக்கடைக்காரனோடு பதநீர் குடிக்க நேரம் இருந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் நேரமில்லை. மனுஷன் கையில் கிடைத்தால் என்ன செய்திருப்பாளோ, கிடைத்தது பில்டர்தான்.

ஒரு நாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தளவாய் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"அறு."

தளவாய்க்குப் புரிந்தது. ஓடின பில்டரை வட்டமாக அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கிற காகிதத்தை விரித்துப் பார்த்தால், இஞ்சின் எதையெல்லாம் தின்றது, எதையெல்லாம் துப்பியது என்று தெரிந்துவிடும்.

"அறுத்தா எல்லாம் தெரியும் மதினி. ஆனா பொறவு மாட்ட முடியாது. உவரி கிடையாது."

"எனக்கு உவரியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இந்த மனுஷன் எங்கெல்லாம் போனாரு, யாரையெல்லாம் ஏத்துனாரு, அதுல நான் ஒரு மூலையிலயாவது இருக்கனா இல்லையான்னு பாக்கணும். அறுடா."

அவன் பில்டரை இடுக்கியில் பூட்டி, ரம்பத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். தகரத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. அவ்வளவுதான், தெருவே ஓடிவந்துவிட்டது. மடியில் இலைத் துணுக்கும் கையில் கத்திரியுமாகக் கோமதி வந்தாள், ஜெய்த்தூன் வந்தாள், பாலை அடுப்பில் விட்டுவிட்டுக் கணபதி வந்தார்.

"யாத்தே, மதினி, அறுக்காதீய! அறுத்தா நாங்க போனதெல்லாம் போயிரும்," என்று கோமதி ரம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போகட்டும்! எல்லாரும் போனீய, வந்தீய, தின்னீய, குளிச்சீய. ஒருத்தியாவது, வாசல்ல ஒருத்தி இருக்காளே, அவளையும் கூட்டிட்டுப் போவோம்னு என்னைக் கூப்பிட்டீயளாட்டி?"

கோமதி ஜெய்த்தூனைப் பார்த்தாள், ஜெய்த்தூன் கணபதியைப் பார்த்தாள். மூன்று பேர் முகத்திலும் நிஜமாகவே ஒன்றும் விளங்காத திகைப்பு.

"என்ன மதினி இப்பிடிக் கேக்கீய?" என்றாள் கோமதி. "முன் சீட்டுல நீங்கதான இருந்தீய."

தளவாய் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"ஜன்னலுக்கு நானும் இவளும் பின்னாடி அடிச்சிக்கிடுவோம்," என்றாள் ஜெய்த்தூன். "முன்னாடி யாராச்சும் கேட்டோமாக்கா? அது உங்க இடம்லா. அதை எதுக்குத் தனியாச் சொல்லணும்?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேட்டி," என்றாள் செண்பகம்.

"எப்பிடி இருக்கும்?" என்றாள் கோமதி. "ஏறுன உடனே எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சிக்கிட்டு, கண்ணாடியில தலையைச் சாச்சித் தூங்கிருவீய. கழுத்து வலிக்கும்னு அண்ணாச்சி ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு, ஒரு கையால தோள் துண்டைச் சுருட்டி உங்க கழுத்துக்கு அண்டக் கொடுப்பாவ. அப்பவும் அது நழுவிரும்."

செண்பகத்தின் கை தானாகப் போய் இடது கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஹாரனே அடிக்க மாட்டான்," என்றார் கணபதி. "அந்தப் பயலா இவன்னு எனக்கு ஆச்சரியம். ஆடு, மாடு, கல்யாண ஊர்வலம், எது குறுக்க வந்தாலும் வண்டியை ஓரமா நிறுத்திட்டு இருப்பான். ஏன்டேன்னு கேட்டா, அவ தூங்குதா சத்தம் போடாதங்கான்."

செண்பகம் கிரீஸ் படிந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள், ஒருத்தரும் பக்கத்தில் போகவில்லை. பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சவத்து மூதிகளா, ஒரு தடவையாவது எழுப்பக் கூடாதா? கடலைக் காணாமலே திரும்பி வந்திருக்கனே."

"எழுப்பத்தான் போவோம்," என்றாள் கோமதி. "தூங்கட்டும், பாவம், நாள் முழுக்கப் பீடி சுத்துதான்னு அண்ணாச்சி கையைப் பிடிச்சிக்கிடுவாவ."

செண்பகம் எழுந்து, இடுக்கியிலிருந்த பில்டரைத் தொட்டாள். சூடு அப்படியே இருந்தது.

"தளவாய், இது ஓடுமா ஓடாதா? ஒரே சொல்லுல சொல்லு."

தளவாய் அதைக் கழற்றி, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். கீறலைத் தடவினான், தகரம் அறுபடவில்லை. ரப்பரை அமுக்கினான். மரையைப் பார்த்தான். "ஓடுனதுதான். ஆனா இன்னும் ஓடும்," என்றான்.

"ஓடுனா எங்க குத்தாலம் போயிராதே?" என்றாள் கோமதி.

"கோட்டிக்காரி. பில்டரு ஒண்ணைப் பிடிச்சா பிடிச்சதுதான், வெளிய விடுமா? அதுக்குத்தானட்டி பில்டரு," என்றான் தளவாய்.

அதற்குமேல் ஒருத்தரும் தடுக்கவில்லை. எருக்கை வெட்டி, செங்கல்லை உருவி, டயர் மாற்றி, பாட்டரி போட்டு, எலிக்கூட்டைக் கலைத்து, தளவாய் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, புது ஆயிலை விரல் நுனியில் தொட்டு ரப்பர் வளையத்தைச் சுற்றித் தடவி, பில்டரைக் கையாலேயே திருகி இறுக்கினான். சாவியைத் திருப்பியதும், நேற்றுத்தான் நிறுத்தியதுபோல இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஹாரனை அமுக்கிப் பார்த்தான். தெருவில் இருந்த தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒரு சேர அழுதன.

உவரிக்குப் புறப்பட்டார்கள். தளவாய் ஓட்டினான். பின் சீட்டில் இந்த ஜன்னலோரம் கோமதியும் அந்த ஜன்னலோரம் ஜெய்த்தூனும், நடுவில் தூக்குவாளியோடு கணபதியும். முன் சீட்டில் செண்பகம், கையில் எலுமிச்சம்பழம். "இந்த வாட்டி நான் தூங்க மாட்டேன். தூங்குனேன்னா கிள்ளியாவது எழுப்பிரணும், சொல்லிட்டேன்," என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஊர் எல்லைப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. கண்ணாடியில் தலை சாய்ந்துவிட்டது.

நாங்குநேரிக்கு முன்னால் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. தளவாய் ஹாரனை அமுக்கினான், சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினான், வரவில்லை. ஒயரில் குறை இல்லை, கிளம்பும்போதுதான் தெருவையே அழ வைத்தது. அவன் பக்கத்துச் சீட்டைப் பார்த்தான், கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். பின்னால் இருந்தவர்கள் இதில் என்ன இருக்கிறது என்பதுபோல அவனைப் பார்த்தார்கள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, கடைசி ஆட்டுக்குட்டி கடக்கிறவரை இருந்து, பிறகு மெதுவாக எடுத்தான். கணபதி தன் தோள் துண்டைச் சுருட்டி முன்னால் நீட்டினார், தளவாய் அதை வாங்கி ஒரு கையால் மதினியின் கழுத்துக்கு அண்டக் கொடுத்தான். அதன் பிறகு ஒரு லாரி வந்தது, ஒரு சப்பரம் வந்தது, ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தவர்கள் வந்தார்கள். எதற்கும் அந்தக் கார் வாயைத் திறக்கவில்லை.

பனைகள் விலகி, தேரி மணல் சிவந்து, காற்றில் உப்பு ஏறியது. மேட்டில் ஏறியபோது, ரோடு முடிகிற இடத்தில் நீலமாகக் கோடு தெரிந்தது. கோமதி எழுப்பக் கையை நீட்டினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை, கை பாதியில் நின்றது. ஜெய்த்தூனும் நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள். சத்தியம் பண்ணிக் கொடுத்த ஒருத்தருக்கும் அவளை எழுப்பத் துணிச்சல் இல்லை, கடல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போது ஹாரன் அடித்தது. தளவாயின் இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல்தான் இருந்தன. மருதங்குளம் தெருமுனையில் திரும்பும்போது அடிக்கிற அதே அடி, விடாமல், காக்கைகள் கலைந்து பறக்க, கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க அடித்தது.

செண்பகம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எலுமிச்சம்பழம் மடியிலிருந்து உருண்டது. கண்ணைக்கூட முழுதாகத் திறக்காமல், கலைந்த கொண்டையை அள்ளி முடிந்துகொண்டே, டிரைவர் சீட்டின் பக்கம் திரும்பி, "முழிச்சிட்டேன், முழிச்சிட்டேன். எதுக்கு இந்த அடி அடிக்கீய?" என்றாள்.

ஹாரன் நின்றது. அவள் முன்னால் திரும்பிக் கடலைப் பார்த்தாள்.